குறைந்துகொண்டே வந்த கூலன்ட்: ஹெட் கேஸ்கட் பழுது ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுக் காரின் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், அவை அமைந்த வார்ப்பிரும்பு பிளாக், அவற்றை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட், மேலே வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட், அவற்றைச் சுழற்ற டைமிங் பெல்ட். பதினொரு ஆண்டுகளில் 1,38,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் விரிவுத் தொட்டியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவதைக் கவனித்தேன். பத்து நாளைக்கு ஒருமுறை ஏறத்தாழ கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆனால் வண்டி நின்ற தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய்களிலும் இணைப்புகளிலும் காய்ந்த கூலன்ட் விட்டுச்செல்லும் படிவம் இல்லை. காருக்குள் ஹீட்டர் பக்கத்துக் கம்பளமும் உலர்ந்தே இருந்தது. சில வாரங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பினால் முதல் இருபது விநாடிகள் எஞ்சின் ஒரு சிலிண்டர் அடிக்காததுபோல் உதறும். பிறகு தானே சீராகிவிடும்.

இந்த இரண்டையும் நான் உடனே இணைத்துப் பார்க்கவில்லை. பட்டறை ஒன்றில் காட்டியபோது, தொட்டி மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று சொல்லி மூடியை மாற்றித் தந்தார்கள். மூடி உண்மையிலேயே பழையதுதான். ஆனால் கூலன்ட் குறைவது நிற்கவில்லை. பிறகு ஒருநாள் நீண்ட ஏற்றம் ஒன்றில் வெப்பமானியின் ஊசி நடுவைத் தாண்டி ஏறியது. எஞ்சினின் வெப்பத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளட்டும் என்று ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்று வந்தது. எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்ந்திருக்கிறது என்றால் அதற்குள் கூலன்ட் சுற்றவில்லை, வாயு அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அதன் பிறகு வண்டியைச் சாலையில் ஓட்டவில்லை. இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கேஸ்கட் தாங்கும் சுமை

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அமரும் ஹெட் கேஸ்கட் ஒரு மெல்லிய தகடுதான். ஆனால் எரியறை வாயுவையும் கூலன்டையும் எண்ணெயையும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து வைக்கும் வேலை முழுவதும் அதனுடையது. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 76 மில்லிமீட்டர். முழு வேகமுடுக்கத்தில் எரியறைக்குள் உச்ச அழுத்தம் 60 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பும் ஹெட்டை ஏறத்தாழ இரண்டே முக்கால் டன் எடைக்குச் சமமான விசையுடன் மேலே தள்ளுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒரே சிலிண்டரில் இது விநாடிக்கு 25 முறை நடக்கிறது. பத்து போல்ட்டுகளின் இறுக்கம் அத்தனை முறையும் அந்தத் தகட்டை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 380 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட், 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது சுமார் 0.7 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீள பிளாக் அதில் பாதி அளவே நீள்கிறது. ஆகவே எஞ்சின் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஹெட், கேஸ்கட்டின் மேல் மிக நுண்ணிய அளவில் நகர்ந்து திரும்புகிறது. இயல்பான வெப்பத்தில் கேஸ்கட் இதைத் தாங்கவே செய்யப்பட்டிருக்கிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் கதை வேறு. போல்ட்டுகளால் இறுகப் பிடிக்கப்பட்ட அலுமினியம் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. ஆறும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஹெட் வளைந்துவிடுகிறது. கேஸ்கட் கிழிந்தது என்று நாம் சொல்லும் பெரும்பாலான பழுதுகள் இந்த வளைவில் தொடங்குகின்றன.

திறப்பதற்கு முன் நிரூபித்தல்

ஹெட்டைக் கழற்றுவது இரண்டு மூன்று நாள் வேலை. அதனால் சந்தேகத்தின் பேரில் அதைத் தொடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். முதலில் எண்ணெய் அளவுக் கோலை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் தடவியதுபோல் மெல்லிய படலம். இதைக் கண்டதும் கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுபவர்கள் பலர். எஞ்சின் முழுதாகச் சூடேறாத குறுகிய பயணங்களில், உள்ளே படியும் நீராவியே இந்தப் படலத்தை உண்டாக்கும். கோலில் ஒட்டும் எண்ணெயும் பால் கலந்ததுபோல் வெளுத்தால்தான் அது சான்று. இங்கே அப்படி இல்லை.

இரண்டாவது சோதனைக்குக் கருவியே தேவையில்லை. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். கூலன்ட் சூடேறி விரிவதால் குழாய் இறுகுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். எங்கள் எஞ்சினில் இரண்டு நிமிடத்துக்குள், குழாய் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, கல்லைப்போல் இறுகிவிட்டது. வெப்பம் இல்லாமல் வரும் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வந்திருக்க முடியும். என்னை உண்மையில் நம்பவைத்தது இந்தக் குளிர்ந்த, இறுகிய குழாய்தான். பின்னால் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின.

அடுத்து அழுத்தச் சோதனை. மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி 1 பார் வரை ஏற்றினேன். இருபது நிமிடத்தில் முள் 0.15 பார் இறங்கியது. வெளியே எங்கும் கசிவு இல்லை. அழுத்தத்தை மீண்டும் ஏற்றி இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் எஞ்சினைச் சுழற்றாமல் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினேன். இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரைத் திருப்பக் கூடாது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதன்மேல் மோதினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழற்றிய பிளக்குகளில் 1, 2, 4 ஆகியவை வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தன. மூன்றாவதன் பீங்கான் கழுவி வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிறு விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனின் தலையில் பச்சை நிறக் கூலன்ட் ஒரு தேக்கரண்டி அளவு தேங்கியிருந்தது. காலை நேர உதறலுக்கும் காரணம் அதுவே: இரவில் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்த நீர் ஆவியாகி வெளியேறும்வரை அது அடிக்கவில்லை.

தண்ணீர் உள்ளே போகிறது என்பது தெரிந்துவிட்டது. எரிந்த வாயு வெளியே வருகிறதா என்பதை வேதிச் சோதனை காட்டும். ப்ரோமோதைமால் புளூ கலந்த நீல நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழலைத் தொட்டியின் வாயில் பொருத்தி, கூலன்டின் மேல் நிற்கும் காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். அந்தக் காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு திரவத்தை அமிலமாக்கும். பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் சிறிதளவு உறிஞ்சப்பட்டாலும் சோதனை கெட்டுவிடும் என்பதால் தொட்டியின் மட்டத்தைக் குறைத்துக்கொண்டு செய்தேன். முதல் முறை நான்கு நிமிடத்தில் நிறம் மாறியது. திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுமுறையும் செய்தேன், அதே மஞ்சள்.

அடுத்து வந்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பாடமான இடம். கம்ப்ரஷனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தத்தை, அளந்தேன். நான்கு சிலிண்டர்களும் முறையே 12.4, 12.2, 11.8, 12.1 பார் காட்டின. கையேட்டின்படி இவை நல்ல அளவுகள்; ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தது. இந்தச் சோதனையை மட்டும் செய்திருந்தால் கேஸ்கட் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டி, தண்ணீர்ப் பம்பையும் ரேடியேட்டரையும் வரிசையாக மாற்றிக்கொண்டிருப்பேன். கம்ப்ரஷன் சோதனை ஸ்டார்ட்டர் சுழற்சியில் 12 பார் அளவு வரை மட்டுமே அழுத்துகிறது. எரியும்போது வரும் அழுத்தம் அதன் பல மடங்கு. 12 பாரில் வாயை மூடிக்கொள்ளும் மெல்லிய கசிவு 60 பாரில் திறந்துகொள்ளும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் கிழிந்திருந்தால் அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து தாழ்வாகக் காட்டும். நீர்ப்பாதைக்குள் நூலிழைபோல் கசிந்தால் கம்ப்ரஷன் மீட்டருக்கு அது தெரியாமலே போகலாம்.

ஆகவே கசிவு விகிதச் சோதனைக்குப் போனேன். பிஸ்டனைக் கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே கம்ப்ரஸரிலிருந்து 7 பார் காற்றைச் செலுத்தி, எத்தனை விழுக்காடு தப்பிப் போகிறது என்று பார்ப்பதே இது. காற்று எஞ்சினைத் திடீரெனச் சுழற்றிவிடும் என்பதால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போல்ட்டில் ரென்ச்சை மாட்டிவைத்துவிட்டு எதிரே நிற்கக் கூடாது. கியரைப் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டேன். மற்ற மூன்று சிலிண்டர்களும் 7 முதல் 9 விழுக்காடு வரை காட்டின. மூன்றாவது 18. காற்று எந்த வழியாகப் போகிறது என்பதைக் காது சொல்லும்: திராட்டில் பக்கம் சீறினால் உள்வரும் வால்வு, சைலன்சரில் சீறினால் வெளியேறும் வால்வு, எண்ணெய் மூடியில் சீறினால் பிஸ்டன் வளையங்கள். இங்கே எங்கும் பெரிதாகச் சத்தம் இல்லை. விரிவுத் தொட்டியில்தான் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல் என்ற இரண்டுக்குள் முடிவு வந்து நின்றது. இனி திறந்துதான் பார்க்க வேண்டும்.

கழற்றுதல்

வண்டி முழுதாக ஆறிய பிறகு, எரிபொருள் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாய் அழுத்தத்தைப் போக்கினேன். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கூலன்டைப் பாத்திரத்தில் வடித்து மூடி வைத்தேன். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தியதை அன்றே கழுவிவிட வேண்டும்.

கழற்றும் வேலையில் பாதி, திரும்பப் பூட்டுவதற்கான நினைவைச் சேமித்துக்கொள்வது. அட்டை ஒன்றில் ஹெட்டின் படத்தை வரைந்து, துளையிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். ஒவ்வொரு மின் இணைப்பையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொண்டேன். முதல் சிலிண்டரை உச்சப் புள்ளியில் நிறுத்தி, கிராங்கிலும் இரு கேம்களிலும் உள்ள குறிகள் பொருந்தியிருப்பதைப் பார்த்த பிறகே டைமிங் பெல்ட்டை இறக்கினேன். கேம்ஷாஃப்ட் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை இடம் மாறினால் கேம் இறுகிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தும் ஒரு ஸ்டட் (தலையில்லாத திருகுத் தண்டு) ஒடிந்தது. அதை ஹெட்டோடு சேர்த்துப் பட்டறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் துளைத்திருந்தால் அலுமினியத்தைக் கெடுத்திருப்பேன்.

ஹெட் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் விடாமல் மூன்று சுற்றுகளாகத் தளர்த்தினேன். நடுவில் உள்ளதை முதலில் விட்டால் ஓரங்களின் இழுப்பிலேயே ஹெட் வளையும். எஞ்சின் சூடாக இருக்கும்போது தளர்த்தினாலும் அதே கேடு. ஒட்டிக்கொண்டிருந்த ஹெட்டைப் பெயர்க்க, பொருந்தும் முகங்களுக்கு இடையே திருப்புளியைச் செருகவில்லை. ஒரு கீறல் விழுந்தால் புதிய கசிவுக்கு வழி அதுவே. ஹெட்டில் இதற்கென்றே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மரக்கட்டையால் தட்டி அசைத்து, தம்பியும் நானும் இரு பக்கமும் பிடித்து நேராகத் தூக்கி, வால்வுகள் தரையில் படாதபடி இரண்டு மரத்துண்டுகளின் மேல் வைத்தோம்.

பார்த்தவுடன் தெரிந்தது. மூன்று பிஸ்டன்களின் தலையில் கரி கன்னங்கரேலென்று படிந்திருக்க, மூன்றாவது பிஸ்டன் மட்டும் சாம்பல் நிற உலோகம் தெரியத் துலக்கி வைத்ததுபோல் இருந்தது. உள்ளே இறங்கிய நீர் ஆவியாகி மாதக்கணக்கில் அதைக் கழுவியிருக்கிறது. கேஸ்கட் பல அடுக்கு எஃகுத் தகட்டு வகை. சிலிண்டரைச் சுற்றி வளையமாகப் புடைத்திருக்கும் மேடுதான் அதில் அடைக்கும் வேலையைச் செய்கிறது. மூன்றாவது சிலிண்டருக்கும் பக்கத்து நீர்த்துளைக்கும் இடையே, அந்த மேட்டின் மேலுள்ள கறுப்புப் பூச்சு நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு உரிந்து, பழுப்பு நிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடியிருந்தது. தகடு கிழியவில்லை. விரலால் தடவினால் நகத்தில்கூடத் தட்டாத அளவுக்குச் சிறிய தடம். ஹெட்டின் முகத்தில் அதே இடத்தில் அதன் எதிர்ப்படம்போல் ஒரு கறை. பத்து நாளைக்குக் கால் லிட்டர் போனது இந்த வழியில்தான்.

அளத்தலும் பட்டறையும்

எஃகு நேர்கோலை ஹெட்டின் முகத்தில் இரண்டு நீளங்களிலும், குறுக்கே இரு ஓரங்களிலும், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை நுழைத்துப் பார்த்தேன். ஒரு மூலைவிட்டத்தில், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே 0.09 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. கையேட்டின் எல்லை 0.05. பிளாக்கின் முகத்தில் 0.03 மட்டுமே, அது தப்பித்தது. பிளாக்கும் எல்லை மீறியிருந்தால் எஞ்சின் முழுவதையும் இறக்க வேண்டியிருந்திருக்கும். 0.09 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். பழைய கலவைக் கேஸ்கட்டுகள் நசுங்கி இவ்வளவு குறையை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். எஃகு அடுக்குக் கேஸ்கட் தட்டையான, மழமழப்பான முகத்தை மட்டுமே அடைக்கும். வளைந்த ஹெட்டின் மேல் புதிய கேஸ்கட்டைப் போட்டு மூடினால் சில மாதங்களில் இதே வேலை திரும்ப வரும்.

ஹெட்டை ஃபேசிங் போட (முகத்தைச் சீவித் தட்டையாக்க) லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, முதலில் அழுத்தச் சோதனை செய்யச் சொன்னேன். அளவுக்கு மீறிச் சூடேறிய ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விழுவது உண்டு. விரிசல் இருந்தால் முகத்தைச் சீவிப் பயனில்லை. நீர்ப்பாதைகளை அடைத்து, வெந்நீரில் மூழ்கவைத்துக் காற்றைச் செலுத்தினார்கள், குமிழி இல்லை. ஒடிந்த ஸ்டட்டை எடுத்துவிட்டு முகத்தை 0.12 மில்லிமீட்டர் சீவினார்கள். இதனால் எரியறையின் கொள்ளளவு அதிகபட்சம் ஏறத்தாழ அரை கன சென்டிமீட்டர் குறையும். கம்ப்ரஷன் விகிதம் 10.5-இலிருந்து 10.65 அளவுக்கு ஏறும். எரிபொருளை மாற்றவேண்டிய அளவுக்கு இது பெரிதில்லை. ஆனால் ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் என்று கையேடு தரும் எண்ணை அளந்து சரிபார்த்த பிறகே அதை வாங்கி வந்தேன்.

வெப்பம் எங்கிருந்து வந்தது

ஹெட் பட்டறையில் இருந்த நாட்களில், என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைத் தேடினேன். ஹெட் வளைந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஏற்றத்தில் ஊசி ஏறியது அந்தக் காரணமாக முடியாது. கூலன்ட் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியை அருகில் வைத்து நீரைச் சூடாக்கினேன். 82 பாகையில் திறக்கத் தொடங்கி, 95 பாகைக்குள் முழுதும் திறந்தது, குறையில்லை. ரேடியேட்டரில் ஊற்றிய நீர் தடையின்றி இறங்கியது. தண்ணீர்ப் பம்பின் இறகுகள் அரிக்கப்படவில்லை. விசிறியைப் பேட்டரியில் நேரடியாக இணைத்தபோது நன்றாகச் சுற்றியது.

விசிறிக்கு மின்சாரம் வரும் இணைப்பானைப் பிரித்தபோது காரணம் கையில் கிடைத்தது. இரண்டு முனைகளில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே பிடிக்கும் செம்புத் தகடு தளர்ந்து, தொட்டால் ஆடியது. சில நேரம் மின்சாரம் போகும், சில நேரம் போகாது. சாலையில் ஓடும்போது காற்றே போதும் என்பதால் விசிறி நின்றது தெரியாது; நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரியும். தம்பியைக் கூப்பிட்டு இணைப்பானைக் காட்டினேன். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, ஆறு மாசம் முன்னாடி டிராஃபிக்ல நிக்கிறப்ப ஒரு தடவை ஊசி சிவப்புக்கே போயிருச்சு. ஓரமா நிறுத்தி, மூடியைத் துணி போட்டுத் திறந்து, பச்சைத் தண்ணி ஊத்தினேன். அப்புறம் ஒண்ணும் ஆகலையே, அதான் சொல்லல” என்றான்.

ஆறு மாதப் புதிர் அந்த ஒரு வாக்கியத்தில் அவிழ்ந்தது. ஹெட் அன்றே வளைந்திருக்கிறது. கொதிக்கும் உலோகத்தின் மேல் குளிர்ந்த நீர் பட்டது வளைவைக் கூட்டியிருக்கும். கேஸ்கட் அந்த வளைந்த முகத்தைத் தன்னால் முடிந்தவரை அடைத்துப் பிடித்து, பூச்சு சிறிது சிறிதாக உரிந்த பிறகு விட்டுக்கொடுத்தது. அவன்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசி கீழே இறங்கி வண்டியும் ஓடினால் பழுது தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சூடான மூடியைத் திறந்தும் அவன் கை வெந்துபோகாமல் தப்பியதே பெரிய காரியம். இணைப்பானை வெட்டிவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். கேஸ்கட்டை மாற்றிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அடுத்த நெரிசலில் சீவிய ஹெட் மறுபடி வளைந்திருக்கும்.

பூட்டுதல்

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்யும்போது டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டைப் பயன்படுத்தவில்லை. வேலை விரைவாக முடியும் என்று பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அதிலிருந்து உதிரும் அலுமினிய ஆக்சைடுத் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரைத்துவிடும். தட்டையான முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். சிலிண்டர்களைத் துணியால் அடைத்து, பிஸ்டன் ஓரங்களில் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியாலும் படுக்கையாகப் பிடித்த பிளேடாலும் பொறுமையாக எடுத்தேன். ஒரு முழுப் பிற்பகல் அதிலேயே போனது. போல்ட் துளைகளின் அடியில் தேங்கிய எண்ணெயையும் கூலன்டையும் உறிஞ்சி எடுத்து, மரையைத் துடைக்கும் கருவியை ஓட்டி, காற்றால் ஊதினேன். அடிமூடிய துளையில் திரவம் நின்றால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க மறுத்துப் பிளாக்கையே பிளந்துவிடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் டார்க் ரென்ச் பொய்யான இறுக்கத்தைக் காட்டும்.

புதிய கேஸ்கட்டை எந்தப் பசையும் தடவாமல் உலர்வாக, மேற்புறம் என்று பொறித்த பக்கம் மேலே பார்க்க, எண்ணெய் துளை சரியான துளையின் மேல் அமர்கிறதா என்று பார்த்து வைத்தேன். ஹெட் போல்ட்டுகள் புதியவை. இந்த வகைப் போல்ட் எஃகு மீளமுடியாமல் நீளத் தொடங்கும் எல்லைவரை இறுக்கப்படுகிறது. ஒருமுறை நீண்டது மறுமுறை அதே விசையுடன் பிடிக்காது. பழையதைப் புதியதன் அருகே நிறுத்தினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கையேடு சொன்ன முறை, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி முதலில் 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகைத் திருப்பு, பிறகு இன்னொரு 90 பாகை. ஏன் பாகைக் கணக்கு என்று தம்பி கேட்டான். ரென்ச்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. எண்ணெய் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பிடிப்பு பெரிதும் மாறும். திருப்பும் பாகை மரையின் ஏற்றத்தோடு கட்டுண்டது. உராய்வு எப்படி இருந்தாலும் போல்ட் அதே அளவு நீளும். கடைசித் திருப்பில் போல்ட் முறிந்துவிடுமோ என்று கை நடுங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் பாகையை முழுதாக முடிக்க வேண்டும்.

டைமிங் பெல்ட், அதன் இறுக்கி, தண்ணீர்ப் பம்பு மூன்றையும் புதிதாகப் போட்டேன். அந்த இடத்தை மறுபடி திறக்க நான் விரும்பவில்லை. குறிகளைப் பொருத்திய பின் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுழற்றினேன். இந்த எஞ்சினில் டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும். கையால் சுழற்றும்போது தடுத்தால் நிறுத்திக்கொள்ளலாம், ஸ்டார்ட்டர் நிற்காது. குறிகள் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்து, புதிய எண்ணெயும் ஃபில்டரும் போட்டு, காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினேன்.

எரிபொருள் ஃப்யூஸ் இல்லாமலே சில விநாடிகள் சுழற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகு ஃப்யூஸைப் போட்டுக் கிளப்பினேன். முதல் அடியிலேயே பிடித்தது. சைலன்சரில் வெண்புகை பத்து நிமிடம் வந்தது. குழாயில் பழைய நீர் மிச்சமிருக்கும், அது வற்ற வேண்டும். எனக்கு உண்மையில் பயம் வந்தது அதன் பிறகுதான். ஊசி நடுவைத் தாண்டி மெல்ல ஏறத் தொடங்கியது, ஹீட்டரில் மறுபடி குளிர்ந்த காற்று. உடனே அணைத்தேன். முழுதாக ஆறியதும் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஹீட்டர் குழாயின் மேட்டில் உள்ள காற்று போக்கும் திருகைத் தளர்த்தியபோது, நீண்ட சீறலுக்குப் பிறகு கூலன்ட் கம்பிபோல் வெளியே வந்தது. அடைத்திருந்தது வெறும் ஏர் லாக், குழாயில் சிக்கிய காற்று. மட்டத்தை நிரப்பி மீண்டும் ஓட்டினேன். ஹீட்டர் சுட்டது, ஊசி நடுவில் நின்றது, சற்று நேரத்தில் விசிறி தானாகச் சுழன்று, தானாக நின்றது. அந்த விசிறியின் சத்தத்துக்காக நானும் தம்பியும் பேசாமல் காத்திருந்தோம்.

மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி மேல் குழாயைப் பிடித்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் விரலுக்கு மெத்தென்று அமுங்கியது. உதறல் இல்லை. வேதிச் சோதனையை இரண்டு முறை செய்தேன். திரவம் நீலமாகவே இருந்தது. 500 கிலோமீட்டரில் எண்ணெயை மறுபடி மாற்றினேன். தொட்டியின் பக்கத்தில் கூலன்ட் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, வாரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்து வந்தோம். 3,000 கிலோமீட்டர் ஓடியபோதும் கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நின்றது.